மனு பார்க்கப் போய் நீட்டிய கை

ரகசியம் காப்பதில் எனக்கு நிகர் யாருமில்லை என்று ஒரு காலத்தில் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத சங்கதி இந்தத் தாலுகாவில் கிடையாது. பென்சனுக்காக யார் வயதைக் கூட்டினார், யார் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டை மூன்று பேரிடம் காட்டி விசாரித்தார், யார் விவாகரத்து நோட்டீஸை நான்கு காப்பி எடுத்தார் என்பதெல்லாம் என் மெஷினின் வெளிச்சத்தில் குளித்துவிட்டு வந்தவை. ஒன்றையும் வெளியே விட்டதில்லை. (மனைவியிடம் சொல்வது வெளியே விடுவதில் சேராது.)

அந்தத் திமிரில்தான் நான் சமூக சேவையில் இறங்கினேன்.

கடையில் ஆன்லைன் வேலையும் பார்ப்பதால், ஏரியூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க முன்பதிவு செய்யச் சொல்லி வந்தார். எங்கள் பக்கம் இதை ‘மனு பார்க்கப் போறது’ என்பார்கள். பார்ப்பதற்கு மனு போட வேண்டும் என்பதால், பார்க்கப் போவதற்கே மனு என்று பெயர் வந்துவிட்டது. பதிவு செய்து கொடுத்தேன். அந்த அம்மா ஆதார் கார்டை மறந்துவிட்டுப் போய், கேட்டிலேயே திரும்பி வந்தார். அடுத்த முறை கார்டோடு போய், மகனை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாம் முறை நானே கூடப் போனேன். அன்றிலிருந்து நான் ‘மனுக்காரர்’ ஆனேன். வாரத்தில் ஒருநாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அடுத்த மாவட்டத்துச் சிறைக்கு யாராவது ஒரு குடும்பத்தைக் கூட்டிப் போவேன்.

போகும் வழியெல்லாம் என் உபதேசம் ஓடும். போனை வெளியே பெட்டிக்கடையில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவரிடம் கேஸைப் பற்றிப் பேசாதீர்கள். அழாதீர்கள், அழுதால் கால் மணி நேரம் கண்ணீரிலேயே போய்விடும். முக்கியமாக, கெட்ட சேதி எதையும் பட்டென்று போட்டு உடைக்காதீர்கள். இதை நான் சொல்லும் தோரணையைப் பார்த்தவர்கள், சிறைத்துறை என்னைக் கேட்டுத்தான் விதிகளை எழுதியது என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. (இளரத்தம், ஏதோ செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை.)

முனிராஜ் எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்காரர். தக்காளி விவசாயி. வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரருக்கு மண்டை உடைந்து, இவர் விசாரணைக் கைதியாக உள்ளே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே போனவருக்கு ஜாமீனைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. படுத்த படுக்கையாக இருந்த அவருடைய அப்பாவுக்கு இது தெரிந்துவிடக் கூடாது. ஊர் பஞ்சாயத்துகளில் நியாயம் சொன்ன மனுஷன் அவர். மகன் ஜெயிலில் இருக்கிறான் என்று கேட்டால் அந்த நிமிஷமே போய்விடுவார் என்று முனிராஜ் நம்பினார். அதனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து, பெரியவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான் என்று கிழவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஒவ்வொரு மனுவிலும் முனிராஜ் மனைவியிடம் கேட்கும் முதல் கேள்வி, “அப்பாவுக்கு ஒன்னும் தெரியலயே?” என்பதுதான்.

அந்த அப்பா இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார்.

மூத்த மகனுக்குச் சொல்லி, போலீஸ் காவலோடு கூட்டி வந்து கொள்ளி வைக்கச் சொல்லலாம் என்று முனிராஜின் மனைவி மஞ்சுளா கேட்டிருக்கிறார். பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. “போலீஸ் வண்டியில வந்து எறங்கி, ரெண்டு பேரு தோளப் புடிச்சிக்கிட்டு கொள்ளி வெக்கறதுக்கு, வெக்காமயே இருக்கலாம்” என்று சொல்லிவிட்டார்கள். தம்பி கோவிந்தன் மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைத்தான். காரியமும் முடிந்தது. முனிராஜுக்கு யாரும் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மஞ்சுளா கடைக்கு வந்தார்.

“அண்ணா, மனு போடுங்க. நானே சொல்லிடறேன். வேற யார் வாயிலயாவது கேட்டா அவரு தாங்க மாட்டாரு.”

“எப்படிச் சொல்லப் போறீங்க?”

அவர் யோசித்து வைத்திருந்தார். “மொதல்ல, மாமாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியலன்னு சொல்லிடுவேன். சாவறதுக்கு மொத நாளு கூட, பெங்களூர்ல மழையான்னு கேட்டாருங்க. அதச் சொல்லுவேன். அப்புறமா, நிம்மதியாப் போயிட்டாருன்னு சொல்லுவேன். அந்த வரிசையில சொன்னாதான் அவரு பொழைப்பாருங்க.”

எனக்குத் தெரிந்து, ஒரு சாவுச் சேதியை இவ்வளவு பக்குவமாகக் கட்டி எடுத்துப்போனவர் வேறு யாருமில்லை. அதை நான் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

என் மூளை உடனே பாதுகாப்பு ஏற்பாட்டில் இறங்கியது. மூன்று பெயருக்குப் பதிவு செய்வது வழக்கம். மஞ்சுளா, ஒன்பது வயது மகள் தர்ஷினி, தம்பி கோவிந்தன். நான் சிங்கம்போல் எழுந்து, “கோவிந்தன் வரக் கூடாது” என்றேன்.

“ஏனுங்க?” என்றான் கூட வந்திருந்த கோவிந்தன்.

“தலையத் தடவிப் பாரு.”

தடவிப் பார்த்தான். மொட்டை பளபளத்தது. அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும், மஞ்சுளா வாயைத் திறப்பதற்குள் அந்த மொட்டை சொல்லிவிடும். கோவிந்தன் அசந்துபோய், “அல்லாத்தையும் யோசிக்கிறீங்கண்ணா” என்றான். அவனுக்குப் பதில் நானே வருகிறேன் என்று என் பெயரைப் பதிவு செய்துகொண்டேன். அந்தக் கணத்தில் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டது இன்னும் முதுகில் வலிக்கிறது.

பஸ்ஸில் இன்னொரு ஆபத்து தெரிந்தது. தர்ஷினி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தர்மபுரி தாண்டுவதற்குள் முன் சீட்டு அம்மாவிடம், “எங்க தாத்தா செத்துட்டாரு” என்றாள். தொப்பூர் இறக்கத்தில் பக்கத்தில் நின்றவரிடம், “எங்க சித்தப்பா மொட்டை அடிச்சிருக்காரு” என்றாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எதுவும் கேட்காமலேயே, “எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. இன்னைக்கிதான் சொல்லப் போறோம்” என்று முழு நிகழ்ச்சி நிரலையும் கொடுத்தாள்.

நான் மஞ்சுளாவிடம், “பாப்பாவ உள்ள கூட்டிப் போனா நம்ம திட்டம் அவ்ளோதான்” என்றேன். அப்பாவைப் பார்க்கும் ஆசையில் குழந்தை புதுக் கவுன் போட்டிருந்தது. மஞ்சுளா அரை மனதாகத் தலையாட்டினார். போன் வாங்கி வைக்கும் பெட்டிக்கடை அக்காவிடம் எங்கள் இரண்டு போன்களையும் தர்ஷினியையும் ஒப்படைத்தேன். போன்களுக்கு மட்டும் டோக்கன் கொடுத்தார். கேட்டில் பெயர் சரிபார்த்த காவலரிடம், “கொழந்த வரல சார்” என்று நானே சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவால் அவள் பெயரை அடித்தார். கோவிந்தனின் மொட்டை பாலக்கோட்டில். தர்ஷினியின் வாய் பெட்டிக்கடையில். ஒரு ஓட்டையும் இல்லாமல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மனு அறையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். போனில் பேசினால்தான் கேட்கும். ஆனாலும் எல்லோரும் கத்துவார்கள். கால் மணி முடிந்ததும் மணி அடித்து லைன் தானாக நின்றுபோகும்.

முனிராஜ் வந்தார். மெலிந்திருந்தார். மஞ்சுளாவைப் பார்த்துச் சிரித்தபடி, அந்தப் பக்கத்து போனை எடுக்கக் கை நீட்டினார். மஞ்சுளாவும் போனை எடுத்தார். நான் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி, வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசுவதில்லை என்ற வைராக்கியத்தோடு நின்றேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டுக்குப் போனால் நாங்கள் எதுவும் பேசுவதில்லை. செத்தவருடைய ஆண்பிள்ளைகள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மூத்தவர் முதலில். நாம் போய் இரண்டு கையையும் சேர்த்து நீட்ட வேண்டும், அவர்கள் தொடுவார்கள். அவ்வளவுதான் துக்கம் கேட்பது. பேர் தெரியாத ஊரில் பேர் தெரியாதவர் செத்தாலும் இதே கைதான். மீசை முளைத்த நாளிலிருந்து சாவு வீட்டுக்குப் போய் வருகிறேன். பறிகொடுத்தவர் முகத்தைக் கண்டால் என் கை என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

முனிராஜ் என் பக்கம் திரும்பி, “வாங்கண்ணா” என்பதுபோலத் தலையசைத்தார். என் இரண்டு கையும் சேர்ந்து எழுந்து, கண்ணாடி வரைக்கும் போய் நீண்டு நின்றன.

நீட்டிய பிறகுதான் நானே பார்த்தேன். உடனே பின்னால் இழுத்தேன். இழுத்த வேகத்தில் இன்னும் மோசமாகிவிட்டது. சும்மா நீட்டியிருந்தால் ஏதோ கும்பிடு என்று நினைத்திருப்பார். பதறிப்போய் மறைத்தால் என்ன அர்த்தம்?

முனிராஜின் சிரிப்பு நின்றது. என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால், பக்கத்தில், காலடியில் எல்லாம் யாரையோ தேடினார். அவர் வாய் கண்ணாடிக்குப் பின்னால் சத்தமில்லாமல் அசைந்தது. யாரு. யாரு.

மஞ்சுளா திரும்பி என்னைப் பார்த்தார். போனில் முனிராஜ் கேட்ட அடுத்த கேள்வியை, காதில் போன் இல்லாத நானே அவர் உதட்டில் படித்தேன்.

“பாப்பா எங்க?”

வழக்கமாக அப்பாவுக்கு ஒன்றும் தெரியலயே என்று கேட்கிறவர் அன்று அதைக் கேட்கவில்லை. மூன்று மாதமாக ஒரு மனு தவறாமல் வந்த குழந்தை இன்று வரவில்லை. அவளுக்குப் பதிலாக, துக்கம் கேட்கும் கையோடு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் வந்து நிற்கிறான். அவர் இடத்தில் யார் இருந்தாலும் கணக்கு ஒரே விடைக்குத்தான் வரும்.

மஞ்சுளா, “பாப்பா நல்லா இருக்கா” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து வரிசையாக அடுக்கி எடுத்து வந்ததெல்லாம் என் கையால் சரிந்துபோன அதிர்ச்சியில், அவருக்கு அழுகைதான் வந்தது. அந்த அழுகையைப் பார்த்ததும் முனிராஜ் போனைக் கீழே விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்துக் காவலர் ஓடிவந்து தோளைப் பிடித்தார். போன் ஒயரில் தொங்கி ஆடியது. இந்தப் பக்கம் மஞ்சுளா, “பாப்பா இல்லீங்க, மாமாங்க, பாப்பா இல்லீங்க” என்று அந்தத் தொங்கும் போனோடு பேசிக்கொண்டிருந்தார்.

நான் வெளியே ஓடினேன்.

வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. கேட்டில் சிவப்புப் பேனாக் காவலர் நிறுத்தினார்.

“சார், கொழந்தைய உள்ள கூட்டிப் போணும் சார்.”

“வரலன்னு நீதானய்யா சொன்ன?”

“இப்ப வந்துடுச்சு சார்.”

“எப்ப வந்துச்சு?”

“அப்பவே வந்துச்சு சார்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பவே வந்த கொழந்தைய வரலன்னு எதுக்கு அடிக்கச் சொன்ன?”

நான் நடந்ததைச் சொன்னேன். மொட்டை, வாய், கை எல்லாவற்றையும் மூச்சிரைக்க ஒப்பித்தேன். கடைசியில் அங்கேயும், எப்படி நீட்டினேன் என்று காட்டுவதற்காக இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினேன். அவர் திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். அவரும் எங்கள் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

“மொதல்ல கைய எறக்கு” என்றார். பிறகு அடித்த பெயருக்கு மேல் ஏதோ எழுதி, “ரெண்டு நிமிஷந்தான் பாக்கி. ஓடு” என்றார்.

தர்ஷினி பெட்டிக்கடை அக்காவிடம் தன் தாத்தாவின் காரியச் சாப்பாட்டில் என்னென்ன பரிமாறினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்ணாடிக்கு முன்னால் அவளை உயர்த்திப் பிடித்தேன், கோயிலில் குழந்தைக்குச் சாமி காட்டுவதுபோல. இங்கே சாமிக்குக் குழந்தையைக் காட்டினேன்.

முனிராஜ் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார். தர்ஷினி கை காட்டினாள். அவர் தொங்கிய போனை எடுத்தார். இவள் அம்மா கையிலிருந்ததைப் பிடுங்கி, நான் பயந்த அதே வாயால், “அப்பா, தாத்தா செத்துட்டாரு. சித்தப்பா மொட்டை அடிச்சிருக்காரு” என்றாள்.

முனிராஜ் சிரித்தார். இதைத்தான் எழுதக் கை கூசுகிறது. அப்பா செத்தார் என்று கேட்டு அவர் வாய் நிறையச் சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். மகள் உயிரோடு இருக்கிறாள் என்கிற சந்தோஷம் அது. அந்த ஒரு நிமிஷம் அப்பாவின் சாவு அவருக்கு நல்ல சேதியாக இருந்தது. அப்படி ஆக்கியவன் நான்.

மஞ்சுளா போனை வாங்கி, “ஏங்க, மாமாவுக்குக் கடைசி வரைக்கும்” என்றார். மணி அடித்தது. லைன் நின்றது.

அவர் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டி, “தெரியாதுங்க, அவருக்குத் தெரியாதுங்க” என்று கத்தினார். சுற்றிலும் எல்லோரும் கடைசிச் சேதிகளைக் கத்திக்கொண்டிருந்தார்கள். முனிராஜ் காதைக் காட்டிக் கேட்கவில்லை என்று சைகை செய்தார். சிரிப்பு மெதுவாக அடங்கியது. எல்லாம் அப்போதுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். காவலர் கூட்டிப் போனபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் மன்னிப்புக் கேட்டேன். ஒருமுறை அல்ல, ஊர் ஊருக்கு ஒருமுறை. மஞ்சுளா ஜன்னலைப் பார்த்தபடி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“நான் சொல்ல வந்ததே அது ஒன்னுதாங்கண்ணா.”

அடுத்த மனுவுக்கு ஒரு வாரம் இருந்தது. நான் சும்மா இருக்கவில்லை. (என்னால் எப்போது இருக்க முடிந்தது?) நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தெளிவாக இருக்கட்டும் என்று டைப் செய்து, ஒரு காப்பியும் எடுத்து வைத்துக்கொண்டு சிறைக்கு அனுப்பினேன். அந்தக் கடிதம் தணிக்கையெல்லாம் முடிந்து முனிராஜ் கைக்குப் போனபோது அவர் ஜாமீனுக்குக் காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் நான் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். மஞ்சுளாவும் தர்ஷினியும் உள்ளே போய்விட்டு வந்தார்கள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேங்க.”

“என்ன சொன்னாரு?”

“நான் ஜெயில்ல இருக்கறது தெரிஞ்சுதான் அப்பா உசுர உட்டுட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தாராம். ஒரு வாரமாச் சோறு எறங்கலயாம்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “இப்ப சொன்னத நம்புனாரா, எனக்காகத் தலையாட்டுனாரான்னு தெரியல” என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஜாமீன் கிடைத்தது. மூத்தவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் துக்கம் கேட்காமல் விட்டுப்போனவர்களெல்லாம் அவர் வீட்டுக்கு வந்தார்கள். நானும் போனேன். முனிராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை நீட்ட, அவர் தொட்டார். என் முறை வந்தது. நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“உங்ககிட்ட அன்னைக்கே வாங்கிட்டேங்க.”

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மொட்டையில் முடி வளர்ந்திருந்த கோவிந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்துவிட்டு ஓரமாக ஒரு சேரில் உட்கார்ந்தேன். தர்ஷினி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கக் கை நீட்டினேன். அவள் டம்ளரைத் தராமல், முகத்தைப் பதற்றமாக வைத்துக்கொண்டு, அப்பா கண்ணாடிக்குப் பின்னால் கேட்ட அதே மாதிரி உதட்டை மட்டும் அசைத்தாள்.

“யாரு?”

அன்று ஆரம்பித்தது. என் வீட்டில் சட்னிக்குக் கை நீட்டினால் மனைவி, “யாருங்க?” என்கிறாள். பஸ்ஸில் சில்லறைக்கு நீட்டினால் தெரிந்த கண்டக்டர், “யாருண்ணா?” என்கிறார். கடையில் காகிதம் வாங்க நீட்டினால், கொடுக்க வந்தவர் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். முனிராஜே ஊர் ஊராக இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அப்பா செத்ததுக்குச் சிரித்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வார்.

மஞ்சுளா இன்றுவரை இதற்குச் சிரித்ததில்லை. யாராவது ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.